சிறுத்தை ஆய்வும் எமது பொறுப்பும்

வனவிலங்கு ஆய்வில் தொண்டராகப் பணிபுரிதல் என்றதும், கட்டணஞ் செலுத்திக் கமராவுடன் வந்திறங்கும் வெளிநாட்டவரே எம்மிற் பலரின் நினைவுக்கு வருகின்றனர். அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, அன்றேல் விஞ்ஞானபீடத்தாரின் அலுவல். கலைப்பீட மாணவனுக்கு அங்கு என்ன வேலை என வினவுவோரும் உளர். இக்கருத்து முற்றிலும் தவறானது.

சிறுத்தை ஆய்வு எவ்வாறு நடைபெறுகின்றது? ஒரு சிறுத்தையின் உடற்புள்ளிகள் இன்னொன்றின் புள்ளிகளை ஒத்திருப்பதில்லை. ஒரே விலங்கின் வலப்புறமும் இடப்புறமுங்கூட வேறுபடும். ஆகவே அது நடமாடும் பாதையின் இருமருங்கிலும் தானியங்கிக் கமராக்களைப் பொருத்தி, படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு விலங்கையும் இனங்காண்கின்றனர். எச்சத்திலுள்ள மயிரையும் எலும்பையும் கொண்டு அதன் இரையை அறிகின்றனர். இப்பணிக்கு வேண்டியவை பொறுமையும், கூர்ந்த நோக்கும், ஒழுங்காகக் குறித்து வைக்கும் பழக்கமுமே. இவை எந்தப் பீடத்தின் தனியுடைமை?

கமராவுக்கு எட்டாத உண்மைகளும் உள. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், பலரைக் காயப்படுத்திய சிறுத்தையொன்று ஊரவரால் அடித்துக் கொல்லப்பட்டது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. மலையகத்திற் சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கே வைக்கப்படுகின்றன. சிறுத்தையும் அவற்றில் மாட்டுகின்றது. சுருக்கு வைப்பவன் இறைச்சிக்காக வைக்கின்றானா, மரக்கறிப் பாத்தியைக் காக்கவா? தேயிலை மலையிற் கொழுந்து பறிக்கும் பெண் எவ்விடத்தில், எவ்வேளையில் அஞ்சுகின்றாள்? இவற்றுக்கான விடைகள் லயன்களிலும் கிராமங்களிலும் தமிழிலேயே உள்ளன. அவற்றைக் கேட்டறிந்து எழுத எம்மைவிடத் தகுந்தவர் யார்? அம்மக்களைக் கொடியவர் என்று பட்டணத்திலிருந்து தீர்ப்புக் கூறுவது எளிது, அது ஆய்வாகாது.

இலங்கைச் சிறுத்தை இத்தீவுக்கே உரிய துணையினம். முதிர்ந்த விலங்குகள் 800க்கும் குறைவே என்ற மதிப்பீட்டுடன், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2020இல் இதனை அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய விலங்காக வகைப்படுத்தியது. சிறுத்தையின் எதிர்காலம் சரணாலய எல்லைகளுக்குள் மட்டும் தீர்மானிக்கப்படப் போவதில்லை. அதன் அயலில் வாழும் உழைப்பாளியின் பாதுகாப்பைப் புறக்கணிக்கும் எந்தத் திட்டமும் நிலைக்காது.

வறிய மாணவன் ஊதியமின்றி எங்ஙனம் செல்வான் என்பது நியாயமான வினாவே. தொண்டு என்ற பெயரில் அவனது உழைப்பைச் சுரண்டலாகாது. பயணச் செலவும் உணவும் உறைவிடமும் வழங்கி, உள்ளூர் மாணவருக்குக் கட்டணமின்றி இடமளிப்பது ஆய்வு நிறுவனங்களின் கடமை. விடுமுறைக் காலங்களில் மாணவரைத் திரட்டி அனுப்புவதும், அவர்தம் குறிப்புகளைத் தமிழில் வெளியிட்டுத் தோட்டத்துப் பாடசாலைகளுக்கு எட்டச் செய்வதும் எமது சங்கத்தின் கடமை. சங்க இலக்கியத்துக் குறிஞ்சி விலங்குகளைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் நாம், கண்முன்னே அழியும் விலங்கையும் அதன் அருகே அஞ்சி வாழும் மனிதரையும் அறியாதிருப்பின், எமது கல்வி யாருக்குப் பயன்படும்?