கரண்ட் இல்லாத ஒரு மே மாத மதியம்

மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. கரண்ட் போய்விட்டது. மூன்றாம் மாடியில் மேற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னலோடு ஓர் அறை. உள்ளே எண்பது வயதுப் பாட்டி. ஏ.சி. ஓடாது, கீழே இறங்கலாமென்றால் லிஃப்டும் ஓடாது. அந்தக் கட்டடத்தின் மாடியில் சோலார் தகடுகள் இருக்கலாம், வாசலில் 'பசுமைக் கட்டடம்' என்ற சான்றிதழும் தொங்கலாம். முதியோர் குடியிருப்பு நன்றாகக் கட்டப்பட்டதா என்பதை இந்த ஒரு மதியத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

வயது ஏற ஏற வியர்ப்பது குறைகிறது. தாகமும் சரியாக உறைப்பதில்லை. 2003 ஆகஸ்டில் பிரான்ஸைத் தாக்கிய வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். அதற்குப் பிறகு அந்நாட்டு முதியோர் இல்லங்களில் குளிரூட்டிய பொது அறை ஒன்று கட்டாயமானது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையின் முன்னாள் வீரர்கள், வாழும் புதுச்சேரிக்கு இது அந்நியச் செய்தியல்ல. ஆனால் இங்கே அந்த ஓர் அறை போதாது. 2011 டிசம்பரில் 'தானே', 2024 நவம்பரில் 'ஃபெஞ்சல்' என்று புயல்கள் வந்து மின்கம்பங்களைச் சாய்த்துப் போகும் ஊர் இது. சுவரும் கூரையுமே வெயிலைத் தடுத்துக் காற்றைக் கொண்டுவர வேண்டும்.

அப்படி ஒரு கட்டடம் இந்த ஊரின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்திலேயே இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. ஐதராபாத் சமஸ்தானத்தின் சர் அக்பர் ஹைதரி வழியாக வந்த நன்கொடை தந்த பெயர் அது. தோக்கியோவில் தொழில் செய்துவந்த கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வரைந்தார். அவரோடு ஜார்ஜ் நாகஷிமாவும் பிரான்டிஷேக் சாம்மரும் உழைத்தார்கள். 1930களின் பிற்பகுதியில் தொடங்கி, இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளில் எழுந்தது. ஆசிரமவாசிகளுக்காகக் கட்டியது, முதியோர் இல்லமல்ல. ஆனாலும் முதியோர் இல்லம் கட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நீள முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. கிழக்கு, மேற்கு வெயில் குறுகிய பக்கங்களில்தான் விழுகிறது. ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெளிச்சத்தையும் காற்றையும் அறையில் இருப்பவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நடைக்கூடத்தை ஒட்டித் தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. அதை மூடினாலும் காற்று நிற்காது, அந்தரங்கமும் கெடாது. கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இரண்டாவது கூரையாக நிற்கின்றன. இடையில் காற்று ஓடுவதால் மேல்மாடி கொதிப்பதில்லை. ஒன்றை மட்டும் நாம் மாற்ற வேண்டும். அந்தப் பலகைகள் கல்நார் சிமெண்டில் வார்த்தவை. கல்நார் நுரையீரலைக் கெடுக்கும். மரமோ அலுமினியமோ போதும்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்களில் வேறொரு பாடம் இருக்கிறது. மரத்தூண்களில் சாய்ந்த தாழ்வாரம், அதன் கீழே திண்ணை. உள்ளே முற்றம், தடித்த சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் எனும் பழைய பாணிக் கூரை. இங்குள்ள வைசியாள் தெருவைப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. திண்ணை நிழலுக்கு மட்டுமல்ல. நடக்க முடியாத தாத்தாவுக்குக் காய்காரம்மாவின் குரலும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், பேச்சுக்கு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரும் திண்ணையில்தான் கிடைத்தார்கள். ஊருக்கு வெளியே மதில் எழுப்பி, நடுவில் புல்வெளி போட்டால் அந்தத் துணை கிடைத்துவிடாது. முதுமையில் வெயிலுக்கு இணையாகத் தனிமையும் கொல்லும்.

பழைய வீட்டை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அதன் உயர்ந்த படியும் வாசற்படித் தடுக்கும் இடுப்பெலும்பை முறித்துவிடும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கதவு, கழிப்பறையில் கைப்பிடி, ஈரத்தில் வழுக்காத தரை ஆகியவை முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு இடித்து ஒட்டுவது பணத்துக்கும் கேடு, சிமெண்டுக்கும் கேடு.

வரைபடத்துக்கு அனுமதி தருகிற அதிகாரிகள் வாகன நிறுத்தத்துக்கு இடம் கேட்பதைப் போலவே, ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிர்க் காற்றுவழி உண்டா என்று கேட்கட்டும். பெற்றோருக்கு இடம் தேடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மாலையில் போய்ப் பார்க்காதீர்கள். மே மாதம் இரண்டு மணிக்குப் போங்கள். ஏ.சி.யையும் மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லி, அந்த அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.