ஸ்டேரிங் இறுகினால் முதலில் ரெக்கையா மாற்றுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே திட்டுங்கள், பரவாயில்லை.

எங்களோடு படிப்பிக்கும் ஒருவரிடம் 110 கொரோலா ஒன்று இருக்கிறது. பவர் ஸ்டேரிங் இறுகிப் போனது. கராஜில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், ரெக் போயிட்டு, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய ரெக் ஒன்று வந்தது. ஒரு மாதச் சம்பளம் போனது. வீட்டு கேற்றுக்குள் காரைத் திருப்பினால் அதே இறுக்கம்! "அப்ப பம்ப்பையும் மாத்துவம் சேர்" என்றார்கள்.

நல்லவேளை, அவர் வேறொரு வயதான பாஸிடம் போனார். அந்த மனிதர் பொனட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து முன் டயரைப் பார்த்தார். "சேர், காத்து எப்ப அடிச்சீங்க?" இரண்டு முன் டயரிலும் இருக்க வேண்டிய காற்றில் பாதிதான் இருந்தது. பிறகு பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தளர்ந்து, கண்ணாடி மாதிரி மினுங்கிப் போயிருந்தது. காற்றும் ஒரு பெல்ட்டும். அதோடு வேலை முடிந்தது. கழற்றி எறிந்த பழைய ரெக்கில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை.

பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதத் தெரியாமல் ஒரு பிள்ளை தடுமாறினால் நாம் முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வோம். பள்ளிக்கூடத்தை மாற்றச் சொல்ல மாட்டோம். காருக்கு மட்டும் ஏன் தலைகீழாகச் செய்கிறோம்?

ஒழுங்கு இதுதான். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

1. டயர் காற்று. எவ்வளவு என்பது பெரும்பாலான கார்களில் சாரதிக் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும்.

2. ஒயில். டப்பாவில் கோடு இருக்கிறது. குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நிற்காமல், எங்கே கசிகிறது என்று தேடுங்கள். கறுத்து, கருகிய வாசம் அடித்தால் மாற்றுங்கள். பழைய டொயோட்டாக்களுக்கு டெக்ஸ்ரோன் வகை ஏடிஎஃப் சரி. ஹொண்டாவுக்கு அதற்கென்றே உள்ள ஒயில் வேண்டும். அவசரத்துக்குக்கூட பிரேக் ஒயில் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்களைத் தின்றுவிடும்.

3. பெல்ட். முழுதாகத் திருப்பும்போது கீச்சென்று கத்தினால் முதல் சந்தேகம் பெல்ட்டில்தான்.

4. ஒயிலில் நுரையும் பம்ப்பில் முனகலும் இருந்தால் உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது. முன் சில்லுகளை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஸ்டேரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகப் பல தடவை திருப்ப வேண்டும். ஒயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும்.

5. அப்படித் தூக்கியிருக்கும்போதே கையால் திருப்பிப் பாருங்கள். அப்போதும் ஓரிடத்தில் பிடித்தால் பிழை ஒயில் பக்கம் இல்லாமலும் இருக்கலாம். பால் ஜொயின்ட், ஸ்டேரிங் தண்டின் ஜொயின்ட், மேலே உள்ள பெயாரிங் என்று பார்க்க வேண்டும்.

6. இவ்வளவும் சரியென்றால் பம்ப். அதற்கும் பிறகுதான் ரெக். ஒரு பக்கம் மட்டும் இறுகுவது, ரெக்கின் ரப்பர் உறைக்குள் ஒயில் தேங்குவது, இவைதான் ரெக்கின் அடையாளங்கள்.

இனி கசப்பான பகுதி. எல்லாப் பழியையும் பாஸ்மாரின் தலையில் போட முடியாது. ஒரு பாஸ் அரை மணித்தியாலம் குனிந்து நிமிர்ந்து, "சேர், காத்துத்தான் குறைவு, ஆயிரம் ரூபா தாங்க" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "சும்மா பார்த்ததுக்கும் காசா?" பாகம் மாற்றினால் மட்டும் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, கழற்றி மாட்டினால்தான் கூலி என்று அவர்களுக்குப் பழக்கியவர்கள் நாம்தானே?

இன்னொரு கூட்டம் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று தோளால் இழுத்து ஓட்டுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்தான் நம்மைச் சுமந்தது. வயது இறுக்கத்துக்குக் காரணமாகலாம், சாட்டாகக் கூடாது. கடுகண்ணாவை வளைவில் பெல்ட் அறுந்து ஸ்டேரிங் திடீரென்று கல்லானால் பின்சீட்டில் இருப்பது நம் பிள்ளைகள்.

மூன்றாவது கூட்டத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. விற்கும் நாளில் டயருக்கு அளவுக்கு மேல் காற்று அடித்து, கசிவைத் துடைத்து, புது ஒயில் ஊற்றி, "ஸ்டேரிங் பஞ்சு மாதிரி" என்று காட்டுபவர்கள். குறையைச் சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையும். மறைத்து விற்றால் குறைவது வேறு. என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த முறை கராஜுக்குப் போனால் "எதை மாத்தணும்?" என்று கேட்காதீர்கள். "எதனால இப்படி?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொன்னவரின் கையில், ஒன்றும் மாற்றாவிட்டாலும், அவருடைய கூலியை மனமுவந்து வையுங்கள்.