அம்மாளைக் குளிர வைக்கிற மாதம்

போன மாதம் மகளின் வகுப்பிலிருந்து ஒரு தாள் வந்தது. ஜூன் 21ஐ ஒட்டி, ஆண்டின் மிக நீண்ட பகலைப் பற்றி உங்கள் குடும்பத்தில் ஏதாவது கதையோ வழக்கமோ இருந்தால் பிள்ளை வந்து சொல்லலாம் என்று. மூன்றாம் வகுப்பு, கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து மேசைப் பிள்ளை சுவீடனில் பூவளையம் சூடிக் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற கதை சொல்லப் போகிறாளாம். இன்னொருவன் ஸ்டோன்ஹெஞ்ச். "அம்மா, எங்கட சொல்ஸ்டிஸ் சாமி ஆர்? லேடி சாமியா இருந்தா நல்லம்" என்றாள்.

இப்படியான தாள்கள் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். எனக்கு வந்த முதல் யோசனை, எதையாவது சோடித்து அனுப்பலாம் என்பதுதான். ஆனி மாதம், அம்மன், சூரியன், மூன்றையும் சேர்த்துக் கட்டிவிட்டால் ஆர் கேட்கப் போகினம்? பேவியூ வீதிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்த படம் ஒன்றையும் ஒட்டிவிட்டால் முடிந்தது.

செய்யவில்லை. மென்பொருள் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு திகதியைக் கண்டால் அட்டவணை போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. இங்கே றிச்மண்ட் ஹில்லில் ஜூனில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல், டிசம்பரில் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. அம்மாவின் ஊர்ப்பக்கமான முல்லைத்தீவில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் அளவுதான். அங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது ஏப்ரல் நடுப்பகுதியில், கிட்டத்தட்ட எங்கட வருசப்பிறப்பு அன்று. நீண்ட பகலுக்கு விழா எடுக்க அந்தச் சனத்துக்குக் காரணமே இல்லை. அவர்களின் பிரச்சினை வெக்கை.

பஞ்சாங்கப்படி பார்த்தால் சூரியன் தெற்கே திரும்புகிற நாள் ஆடிப்பிறப்பு. பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஓடுவதால் அது உண்மையான திருப்பத்துக்கு மூன்று கிழமைக்கு மேல் பிந்திப் போச்சு. ஆனால் அதில் கூழும் கொழுக்கட்டையும்தான் இருக்கு, பெண் சாமி இல்லை. மகளுக்குக் கொழுக்கட்டை சரிவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தா. கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெக்கைக்கு எண்டால் கண்ணகை அம்மன்தான். வற்றாப்பளைப் பொங்கல்" என்றா.

2009க்குப் பிறகு அம்மாவின் வாயில் அந்த ஊர்ப் பெயரை நான் கேட்டதே இல்லை. வற்றாப்பளைக் கோயில் நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது. அந்த நந்திக்கடல் எதுவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் மாமா கடைசியாக இருந்ததும் அந்தப் பக்கம்தான். வைகாசிப் பொங்கலும் மே 18உம் ஒரே காலத்தில் வருவதால், எங்கள் வீட்டில் இரண்டாவது வந்த பிறகு முதலாவது இல்லாமல் போய்விட்டது.

அம்மா சொன்ன கதை இதுதான். மதுரையை எரித்த கண்ணகி கோபம் அடங்காமல் இலங்கைக்கு வந்து, ஊர் ஊராகத் தங்கித் தங்கிக் குளிர்ந்தா. பத்தாவதாகத் தங்கிய இடம் வற்றாப்பளை. ஒரு கிழவியாக வந்து மாடு மேய்க்கிற பொடியளிடம் பசிக்குது என்றா. பொடியள் புக்கை பொங்கினாங்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்தண்ணியை விட்டு எரியுங்கோ என்றா, எரிந்தது. பிறகு, தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்றா. மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். பொடியள் பயந்து போய்ப் பார்க்க, கிழவியைக் காணேல்லை.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையிலிருந்து மேற்கே சேரநாட்டு மலைக்குப் போகிறாள், இலங்கைக்கு வருவதில்லை. அதில் இலங்கை வருவது கயவாகு மன்னன் வழியாக மட்டும். ஆனால் எங்கட சனத்துக்கு அவ வீட்டுக்கு வந்து போன மனிசி. சிங்கள மக்களுக்கும் அவ பத்தினித் தெய்வம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று வைகாசியில் கோயில் கோயிலாகச் சடங்கு நடக்கும். பல இடங்களில் கதவு திறப்பதே அப்போதுதான். கண்ணகி வழக்குரையைப் படித்து, கடைசி நாளில் குளிர்த்தி பாடுவார்கள். மழை இல்லாமல் நிலம் வெடிக்கிற காலம், பிள்ளைகளுக்கு அம்மாள் வருத்தம் வருகிற காலம். அந்த நேரம் அவவின் கோபத்தைத் தணிப்பது ஊரின் வேலை. கோபப்பட்டது பிழை என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

மகள் விடவில்லை. "சிற்றியை எரிச்சா அங்க இருந்த கிட்ஸ் எல்லாம்?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு நூலிலேயே பதில் இருக்கிறது. தீக்கடவுளுக்குக் கண்ணகி, முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள். அந்தப் பட்டியலில் வேறு பலரும் உண்டு, அதை வைத்து மணிக்கணக்கில் சண்டை பிடிக்கலாம். நான் மகளுக்குக் குழந்தைகள் வரியை மட்டும் சொன்னேன்.

"ஓம். அந்த நெருப்புக்குப் பிள்ளையள் ஆரெண்டு தெரிஞ்சிருந்தது" என்றா அம்மா. சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எட்டு வயது. மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் சொல்லவில்லை. எந்த வயதில் சொல்வது என்று உங்களில் ஆராவது முடிவெடுத்திருந்தால் எனக்கும் எழுதுங்கோ.

வகுப்பில் அவள் சொன்னது கிழவியும் பொடியளும் கதை. இது சொல்ஸ்டிஸ் கதை இல்லை, வெக்கை காலத்துக் கதை என்று முதலே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாளாம்.

ஜூன் 21 பின்னேரம் அம்மா தானாகவே புக்கை வைத்தா. பின்வளவு டெக்கில், காஸ் அடுப்பில். இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருந்தது. மகள் ஒரு கோப்பையில் உப்பைக் கரைத்து, திரி போட்டுக் கொளுத்திப் பார்த்தாள். ஸ்ஸ் என்று அணைந்தது. லேக் சிம்கோத் தண்ணியில் முயற்சி செய்யலாமா என்று கேட்க, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது உப்பில்லாத தண்ணியடி குஞ்சு."

பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினா. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, அடுத்த திங்கள் வற்றாப்பளைக்குக் கொண்டு போவார்களாம். மாமா சின்ன வயதில் தீர்த்தக் குடத்துக்குப் பின்னால் அவ்வளவு தூரமும் வெறுங்காலோடு ஓடிவிட்டு, அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கக் கால் கொப்பளத்தைக் காட்டுவாராம். மாமாவின் பெயரைச் சொல்லி அம்மா சிரித்ததை நான் கேட்டு எத்தனையோ காலம்.

"அம்மம்மா, உங்கட தலையைப் பார்க்கட்டா?" என்றாள் மகள். அம்மா படியில் இருந்து கொண்டையை அவிழ்த்து விட்டா. மகள் பின்னால் நின்று, ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, வகிடு வகிடாக விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.