மூன்று வயதுப் பிள்ளைக்கும் உகந்தது என்று எழுதிய உறைக்குள் சூது



பெருநாளோ பள்ளி விடுமுறையோ நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு வழக்கு தொடங்கிவிடுகிறது. பிளேஸ்டேஷன் 5 வாங்குவதா, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் போதுமா, 2025 ஜூனில் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 தான் வேண்டுமா? பிள்ளைகள் திரையின் தெளிவையும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் வாப்பா, அங்கே விலை என்ன, இங்கே விலை என்ன என்று கணக்குப் பார்க்கிறார். இன்னொரு பக்கத்திலிருந்து, "கேம் அனைத்துமே ஹராம், பேச்சை விடுங்கள்" என்று ஒரு குரல் வருகிறது.

இரு சாராரும் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. அது இயந்திரத்தின் உள்ளே, விளையாட்டின் உள்ளே திறந்து வைக்கப்பட்டிருக்கும் கடை.

எடுத்துக்காட்டுக்கு மிகவும் சாதுவான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஃபிஃபா என்ற பெயரில் பல்லாண்டு வெளிவந்து, 2023 முதல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில் ஆண்டுதோறும் வரும் கால்பந்து விளையாட்டு அது. இரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை. ஐரோப்பிய வயதுத் தரப்பட்டியலில் அதன் மேலுறையில் 3 என்ற எண் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் உகந்தது என்று பொருள். ஆகவே நாம் மனநிறைவோடு வாங்கிக் கொடுக்கிறோம்.

அதனுள் அல்டிமேட் டீம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பையன் தன் அணியைத் தானே திரட்ட வேண்டும். ஆட்டக்காரர்கள் அட்டைகளாகக் கிடைக்கிறார்கள். அட்டைகள் மூடிய பொதிகளில் வருகின்றன. பொதியை விளையாடிச் சேர்த்த நாணயங்களாலும் வாங்கலாம், உண்மைப் பணம் கொடுத்துப் பெற்ற புள்ளிகளாலும் வாங்கலாம். உள்ளே யார் இருக்கிறார் என்பது திறக்கும் வரை தெரியாது. மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் கிடைக்கும் வாய்ப்பு பல பொதிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இதை நிறுவனமே திரையில் காட்டுகிறது. திறக்கும் கணத்தில் ஒளி பாய்கிறது, வாணவேடிக்கை நடக்கிறது, பிறகு எவரும் விரும்பாத ஓர் ஆட்டக்காரர் வந்து நிற்கிறார். மறுபடியும் ஒரு பொதி. அடுத்த ஆண்டுப் பதிப்பு வந்ததும் அந்த அட்டைகள் எவையும் அதற்குக் கூட வருவதில்லை. மறுபடியும் முதலிலிருந்து.

இது சில்லறை வியாபாரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இந்த அல்டிமேட் டீம் வகையில் மட்டும் அந்நிறுவனத்துக்கு வந்த வருவாய் 160 கோடி டாலருக்கும் மேல். அதாவது மொத்த வருவாயில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டியது. உலகெங்கும் உள்ள சிறுவர் கைகளிலிருந்தும் அவர்களின் தந்தையர் பைகளிலிருந்தும் போனதும் அதில் அடக்கம்.

மைஸிர் என்ற சொல்லை நாம் சூதாட்டம் என்று மொழிபெயர்த்துவிட்டு, பகடையையும் சீட்டுக்கட்டையும் மட்டுமே மனத்தில் இருத்திக்கொள்கிறோம். அறியாமைக் கால அரபிகளின் மைஸிர் எப்படி இருந்தது? ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, பைக்குள் அம்புகளைப் போட்டு உருவினார்கள். சில அம்புகளுக்குப் பங்கு உண்டு; சில வெறும் அம்புகள். வெறும் அம்பு வந்தவர்கள் தலையில் ஒட்டகத்தின் விலை விழுந்தது. அவர்களில் பலர் வென்ற இறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்தார்கள். அப்படியிருந்தும் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அதை மதுவோடு சேர்த்தே தடுத்தன. பகையும் வெறுப்பும் விளைவதையும், இறைநினைவும் தொழுகையும் தடைபடுவதையும் காரணமாகக் கூறின. விலை கொடுத்தபின் கையில் என்ன வரும் என்று தெரியாத வியாபாரத்தையும், கல்லை எறிந்து அது எந்தப் பொருள்மீது விழுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும் வியாபாரத்தையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. மூடிய பொதிக்கும் எறிந்த கல்லுக்கும் இடையே எத்தனை அடி தூரம் இருக்கிறது? ஃபத்வா வழங்குவது உலமாக்களின் பணி. ஆனால் இந்தக் கேள்வியை அவர்கள்முன் கொண்டு வைப்பது பெற்றோரின் கடமை.

"எப்படியும் ஏதோ ஓர் அட்டை கிடைக்கிறதே, இழப்பு எங்கே?" என்பர் சிலர். 2019இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், இதைப் பொம்மை ஒளிந்திருக்கும் சாக்லேட் முட்டையோடு ஒப்பிட்டார். முட்டை வாங்கிய பிள்ளைக்குப் பொம்மை பிடிக்காவிட்டாலும் சாக்லேட் வயிற்றுக்குப் போகிறது. மேலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொம்மையோடு தன் பொம்மையை மோதவிட்டு அன்றாடம் தோற்கும் நிலை அதற்கு இல்லை. இங்கே நல்ல அட்டை இல்லாதவன் களத்தில் திணறுகிறான். அந்தத் திணறல்தான் அடுத்த பொதியை விற்கிறது.

முஸ்லிம் அல்லாத நாடுகளே விழித்துக்கொண்டன. 2012இல் ஜப்பான், அட்டைகளைத் தொகுப்பாகச் சேர்க்கச் சொல்லிப் பணம் பறித்த ஒரு முறையைத் தடுத்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18 உள்ளிட்ட சில விளையாட்டுகளின் பொதிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்றது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்நாட்டில் புள்ளி விற்பனை நின்றது. 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் நிறுவனம் அமெரிக்காவில் 2 கோடி டாலர் செலுத்த இசைந்தது. பெற்றோர் சம்மதமின்றிப் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய பெட்டிகளை விற்கக்கூடாது என்றும் ஆயிற்று. நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: நெதர்லாந்தில் விதித்த 1 கோடி யூரோ அபராதத்தை 2022இல் உயர் நீதிமன்றம் நீக்கியது. பொதி திறப்பது தனி விளையாட்டன்று, திறமை சார்ந்த பெரிய விளையாட்டின் ஒரு பகுதியே என்பது அதன் வாதம். நாட்டுச் சட்டத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஹலாலான ஆட்டத்துக்குள் வைத்துவிட்டால் அம்பு உருவுவது ஹலாலாகிவிடுமா?

இந்நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்த கூட்டணியில் சவூதி அரசின் முதலீட்டு நிதியமும் இருக்கிறது. இதைப் பற்றி நம் மேடைகளில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மேடைகள் பேசுவதெல்லாம் ஜிடிஏ பற்றித்தான். 2026 நவம்பர் 19க்கு அறிவிக்கப்பட்டிருக்கும் அதன் ஆறாம் பதிப்பு நம் பிள்ளைகளுக்கானது அன்று என்பதில் ஐயமில்லை; முந்தைய பதிப்பைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று குறித்தே விற்றார்கள். அந்தத் தீங்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வருகிறது, வாசலிலேயே தடுத்துவிடலாம். அனைத்தும் ஹராம் என்று ஒரே வீச்சில் வெட்டுவோருக்கு நான் சொல்வது இதுவே: உங்கள் தீர்ப்பைப் பிள்ளைகள் ஏற்பதில்லை. கால்பந்தும் கொலையும் ஒன்றா என்று அவர்கள் கேட்கிறார்கள். பதில் இல்லாததால் பொதிக்குள் இருக்கும் உண்மையான ஹராமையும் அதே சிரிப்போடு ஒதுக்கிவிடுகிறார்கள்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்கள் ஒப்பிட வேண்டியவை வேறு. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸிலும் பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பிலும் வட்டு போடும் இடம் இல்லை. எல்லாம் இணையக் கடை வழியாகவே வரும், கடை எந்நேரமும் திறந்திருக்கும். வட்டுள்ள பிளேஸ்டேஷன் 5 விலை கூடுதல்தான். ஆயினும் விளையாடி முடித்த வட்டைச் சாச்சா மகனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். ஸ்விட்ச் 2க்கு வரும் சில அட்டைகளில் விளையாட்டே இருக்காது, இணையத்திலிருந்து இறக்குவதற்கான சாவி மட்டுமே இருக்கும். உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2024இல் வந்த ஆஸ்ட்ரோ பாட் போல, ஒருமுறை விலை கொடுத்தால் பொதியோ புள்ளியோ கேட்காத விளையாட்டுகளும் இருக்கின்றன. 2020 முதல் ஐரோப்பிய உறைகளில், எது வருமென்று தெரியாத பொருள்கள் உள்ளே விற்கப்படுகின்றன என்ற குறிப்பும் இடம்பெறுகிறது. 3 என்ற எண்ணைப் பார்க்கும் கண் அந்தச் சிறு எழுத்தையும் பார்க்கட்டும்.

கணக்கைத் தொடங்கும்போது பிள்ளையின் உண்மையான பிறந்த ஆண்டையே எழுதுங்கள். வயதைக் கூட்டி எழுதினால் பிள்ளையின் வயதைச் சார்ந்த பெற்றோர் கட்டுப்பாடுகள் வேலை செய்யாமல் போகலாம், அது பொய்யும்கூட. மாதச் செலவு வரம்பைச் சுழியத்தில் வையுங்கள். வங்கி அட்டையை இயந்திரத்தில் பதிந்து வைக்காதீர்கள். பெருநாள் காசில் இணையக் கடைக்கான பரிசு அட்டை வாங்கித் தரச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

மக்தப் வகுப்புகளில் சூதாட்டப் பாடம் வரும்போது ஆசிரியர்கள் பகடையோடும் சீட்டோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே அமர்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பையன் பகடையைத் தொட்டதே இல்லை. நேற்றிரவு எத்தனை பொதி திறந்தாய் என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்.