கால் வீங்கினால் இன்னொரு மாத்திரையா?

"எல்லா பக்க விளைவையும் சொன்னால் நீங்கள் மாத்திரையே சாப்பிட மாட்டீர்கள்." பல டாக்டர்கள் சொல்லும் நியாயம் இது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

பி.பி.க்கு நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதித் தரும் அம்லோடிபினையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மாத்திரை, விலையும் குறைவு. இதய நோயில் வரும் நெஞ்சுவலிக்கும் தருகிறார்கள். ரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, குழாயை விரியச் செய்கிறது. ஆனால் தமனிகள் விரிகிற அளவுக்கு சிரைகள் விரிவதில்லை. நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

என் மனைவிக்கு இதுதான் வந்தது. சாயங்காலமானால் காலில் செருப்பு வார் பதிந்துவிடும். ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்காமல், நீர் பிரிவதற்கு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். நடையாய் நடந்தாள் பாத்ரூமுக்கு. வீக்கம் அப்படியே இருந்தது. இருக்காதா பின்னே? உடம்பில் நீர் மிகுந்து வந்த வீக்கம் இல்லையே இது! நீர் மாத்திரையால் சோடியமும் பொட்டாசியமும் குறைந்தால் அதற்கு வேறொரு மருந்து. பிறகு பார்த்த டாக்டர் அம்லோடிபின் அளவைக் குறைத்து, கூடவே டெல்மிசார்ட்டான் சேர்த்தார். வீக்கம் வடிந்தது.

வெளியே நாற்பது பேர் காத்திருப்பது எனக்கும் தெரியும். "இதில் கால் வீங்கலாம், வீங்கினால் நீங்களாக நிறுத்தாமல் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல பத்து விநாடி போதாதா? நாம் கேட்டாலோ, "நெட்டைப் பார்த்துட்டு வராதீங்க சார்" என்று பதில். நீங்கள் சொல்லியிருந்தால் நாங்கள் ஏன் நெட்டைப் பார்க்கிறோம்?

எல்லா வீக்கமும் மாத்திரையால் வருவதில்லை. இதயம், சிறுநீரகம், ஈரல் கெட்டாலும் கால் வீங்கும். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். புதிதாக ஒன்று எழுதினால், "பழைய மாத்திரையின் விளைவுக்கா இது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.