கைபேசிக் கடைக்கும் தராசு உண்டு

 

இம்மாதம் வந்த கேள்விகளில் ஒன்று பண்டாரவளைப் பக்கத்துச் சகோதரி ஒருவருடையது. வட்ஸ்அப் குழு ஒன்றை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே அபாயா, சுரிதார், பிள்ளைகளின் உடுப்பு என்று விற்று வருகிறார். வாங்குவோரில் பாதிப் பேர் தோட்டத்துப் பெண்கள். குழுவில் போடும் படங்கள் கொழும்புக் கடையொன்றின் படங்கள். சாமான் இவர் கையில் இருப்பதில்லை. முன்பணம் வந்த பிறகுதான் கடையிலிருந்து எடுப்பித்துக் கொடுக்கிறார். "இந்த வருமானம் ஹலால்தானா?" என்று கேட்கிறார். பதுளை, ஹாலிஎல, வெலிமடை, பசறை என்று எங்கும் இந்த வியாபாரம் பரவியிருப்பதால், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன்.

பெண் வீட்டிலிருந்து வியாபாரம் நடத்துவது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் மக்காவில் இருந்துகொண்டே ஷாம் தேசத்துக்குச் சரக்கு அனுப்பியவர்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் உண்மையையும் நாணயத்தையும் கேள்விப்பட்டே தம் சரக்கை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். தூரத்து வியாபாரத்துக்கு நம்பிக்கைதான் முதல் என்பது அன்றே தெரிந்த விஷயம். பெண் தேடியது பெண்ணுக்கே உரியது என்பதை ஸூரத்துன் நிஸாவின் 32ஆவது வசனமும் உணர்த்துகிறது.

கைபேசியால் நன்மையும் நிறைய. கடை வாடகை இல்லை. பிள்ளைகளை விட்டுப் போக வேண்டியதில்லை. நான்கைந்து சகோதரிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து புறக்கோட்டையில் ஒரேயடியாகத் துணி எடுத்தால் விலையும் குறையும், ஏற்றுக்கூலியும் பங்காகும். எழுத வாசிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்கூட, குரல் பதிவில் விலை கேட்டு, குரலிலேயே பதில் பெறுகிறாள். இவற்றையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல மார்க்கத்தில் இடமில்லை. ஆனால் கடை திரைக்கு மாறினாலும் தராசு மாறாது.

இதற்கு உதாரணம் நம்மைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளிலேயே இருக்கிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கியது. நூறு வருடங்களுக்கு மேலாக, வாங்குவோர் மண்டபத்தில் கூடியிருந்து வாயால் விலை கேட்டார்கள். 2020ஆம் ஆண்டு கொரோனாவால் ஊரடங்கு வந்தபோது, அந்த ஏப்ரலில் ஏலம் இணையத்துக்கு மாறியது. மண்டபம் போய்த் திரை வந்தது. மாதிரி மட்டும் போகவில்லை. எந்தத் தோட்டம், என்ன தரம், எத்தனை கிலோ என்று பட்டியலில் எழுத வேண்டும். தேயிலை மாதிரி முன்கூட்டியே வாங்குபவரிடம் போக வேண்டும். அவர் ஊற்றி, ருசித்துப் பார்த்த பிறகே விலை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணம் திரையில் வீசாது அல்லவா?

பெரிய வியாபாரிகளே இத்தனை கவனமாக இருக்கும்போது, கைபேசியில் சுரிதார் விற்கும் நாமும் சில விஷயங்களைப் பேண வேண்டும்.

முதலாவது, குறையை மறைக்கலாகாது. கடைத்தெருவில் தானியக் குவியலொன்றுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இது முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. வெளிச்சம் கூட்டி நிறத்தை மாற்றிய படமும், மெல்லிய துணியைத் தடித்ததாகக் காட்டும் படமும் அந்தக் குவியலின் மேல்பக்கம்தான். "விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது" என்று குழுவில் எழுதிவிட்டால், மறைத்த குறையின் பொறுப்பு நீங்கிவிடாது.

இரண்டாவது, சகோதரி கேட்ட விஷயம். தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதி, அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் உள்ளது. ஆகவே, கடையிலுள்ள குறிப்பிட்ட ஓர் உடுப்பை, அதை வாங்கும் முன்பே தனது பொருளாக விற்று இலாபம் வைப்பது கூடாது. இதே தொழிலை ஹலாலான முறையில் செய்ய வழிகள் உண்டு.

ஒன்று, கடைக்காரருடன் பேசி, ஓர் உடுப்புக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்து, அவருடைய முகவராக விற்பது. மற்றொன்று, வாங்கும் பெண்ணிடம் "கடை விலை இவ்வளவு, எடுத்துத் தர என் கூலி இவ்வளவு" என்று மறைக்காமல் சொல்லிவிடுவது. மூன்றாவது வழி எல்லாவற்றிலும் பேணுதலானது. படத்தைப் பார்த்துச் சொல்வதை வெறும் வாக்காக மட்டும் வைத்துக்கொண்டு, சாமானை உங்கள் பணத்தில் வாங்கி, அவள் கையில் எடுத்துப் பார்த்து விரும்பிய பின் விலை பேசி முடிப்பது. காணாத பொருளின் வியாபாரத்தில் நமது ஷாபிஈ மத்ஹப் கண்டிப்பானது என்பதால் இதுவே மனதுக்கும் நிம்மதி.

மூன்றாவது, முன்பணம். "வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது" என்று பலர் எழுதுகிறார்கள். ஹன்பலி மத்ஹபில் இதற்கு இடமுண்டு. ஷாபிஈ மத்ஹபில் இத்தகைய வியாபாரம் செல்லாது. ஆகவே, வியாபாரம் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 2,700 ரூபா சுரிதார் என்றால், அட்டைக்கடியிலும் மழையிலும் இரண்டு நாள் கொழுந்து பறித்த கூலி அது.

(தைக்கும் சகோதரிகள் கவனிக்க: துணி வாங்குபவருடையதாக இருந்தால் நீங்கள் பெறுவது தையற்கூலி. அதில் முன்பணம் வாங்குவதில் தவறில்லை.)

நான்காவது, எழுதி வையுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம், தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அது ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். சிறியதோ பெரியதோ, எழுதச் சோம்பற்படலாகாது என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். முற்காலத்தில் துணி மூட்டையைச் சுமந்து லயம் லயமாக ஏறிய நம் வியாபாரிகளும் ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சங் கொஞ்சமாகக் கடன் கழியும். கைபேசியில் செய்தி அழிந்துபோகலாம், கைபேசியே தொலைந்தும் போகலாம். ஆகவே பெயர், பொருள், விலை, தந்தது, மீதி, கொடுக்கும் நாள் என்று ஒரு கொப்பியில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாங்கியவருக்கும் அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குக் குரலில் சொல்லி அனுப்புங்கள்.

ஐந்தாவது, அமானிதம். உங்களை நம்பித் தந்த தொலைபேசி இலக்கமும், உடுப்பை அணிந்து பார்த்து அனுப்பிய படமும் அமானிதங்கள். அனுமதியின்றி இன்னொருவருக்குக் கொடுக்கவோ ஸ்டேட்டஸில் போடவோ கூடாது. வீட்டு இலக்கம் வேறு, வியாபார இலக்கம் வேறு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை, வங்கி என்று சொல்லிக் கேட்டாலும் எவருக்கும் சொல்லாதீர்கள்.

சகோதரிகளே, இந்தக் கருவியின் மறுபக்கத்தையும் நம் நாடு கண்டது. 2018 மார்ச்சில் திகனவில் கலவரம் நடந்தபோது, வெறுப்புச் செய்திகள் பரவுவதைத் தடுக்க அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்க வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர், முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிரசாரமும் இதே வழியில்தான் பரவியது. அதற்கு நாம் நீண்ட மறுப்புகள் எழுதிப் பயனில்லை. தீபாவளிக்கு உடுப்புக் கேட்ட தோட்டத்துச் சகோதரிக்கு, சொன்ன நிறத்தில், சொன்ன விலையில், சொன்ன நாளில் சாமான் போய்ச் சேர்ந்தால், பக்கத்து லயத்துக்கு அவளே நம்மைப் பற்றிச் சொல்வாள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவாகச் சொன்னால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பதும், மறைத்தால் அந்த பரக்கத் அழிந்துவிடும் என்பதும் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியின் கருத்து.

அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பையும் ஹலாலானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.