படகு மோட்டார்: டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

சின்னப் படகுக்கு மோட்டார் வாங்கப் போறீங்களா? விலையை மட்டும் பார்க்காதீங்க.

டூ-ஸ்ட்ரோக்
எடை குறைவு, பாகங்களும் குறைவு. பழுதுபார்ப்பது சுலபம்.

சிக்கல் என்ன? புகை வெளியேறும்போதே புதிய பெட்ரோல் உள்ளே வருகிறது. கார்புரேட்டர் ரகத்தில் கால் பங்கு பெட்ரோல்வரை எரியாமலேயே, எண்ணெயோடு சேர்ந்து வெளியேறலாம். அதனால்தான் அமெரிக்காவின் தாஹோ ஏரியில் அந்த ரகத்தில் பெரும்பாலானவற்றுக்கு 1999இல் தடை வந்தது.

ஃபோர்-ஸ்ட்ரோக்
எரிபொருள் மிச்சம். சத்தமும் புகையும் குறைவு. ஆனால் எடை அதிகம். இன்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாத்தணும்.

எதை வாங்கலாம்?
தினமும் கடலுக்குப் போறவங்களுக்கு ஃபோர்-ஸ்ட்ரோக். அடிக்கடி மோட்டாரைத் தூக்கிச் சுமக்கணும், பக்கத்தில் மெக்கானிக் இல்லை என்றால் டூ-ஸ்ட்ரோக் கைகொடுக்கும். ஆனால் வெளியேறும் பெட்ரோல் கலப்பது, நீங்க மீன் பிடிக்கிற அதே தண்ணீரில்தான்.